கஞ்சாவும் மனக்காயமும்: எது முந்தியது?

ஏற்காடு அமைந்திருக்கும் சேர்வராயன் மலைக்கு வடகிழக்கே உள்ள ஜவ்வாது மலையில் ஒரு காலத்தில் கஞ்சா பயிரானது. 1893இல் பிரிட்டிஷ் அரசு அமைத்த கஞ்சா விசாரணைக் குழு அதைப் பதிவு செய்ததோடு, மனநோய் மருத்துவமனைப் பதிவேடுகளையும் துருவிப் பார்த்தது. நோயாளியோடு போலீஸ் அனுப்பும் தாளில் நோய்க்கான காரணத்தை எழுத ஓர் இடம் இருந்தது. ஆள் கஞ்சா குடிப்பவர் என்று கேள்விப்பட்டாலே போதும், அங்கே ‘கஞ்சா’ என்று எழுதிவிடுவார்கள். அப்படி எழுதப்பட்டவற்றை நம்பி முடிவுக்கு வர முடியாது என்றது குழு. அந்த எச்சரிக்கை இன்றைக்கும் தேவை என்றே நினைக்கிறேன். காரணம் எது, விளைவு எது என்று பிரிக்க முடியாதபடி மன உளைச்சலும் கஞ்சாவும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

பயம் கிளம்பும்போது அதை அடக்க மூளை தானே ஒரு பொருளைச் சுரக்கிறது. 1992இல் அதைக் கண்டறிந்தவர்கள் ஆனந்தமைடு என்று பெயரிட்டார்கள். நெருக்கடி நீடித்தால் ஆனந்தமைடைச் சிதைக்கும் நொதி மும்முரமாகிறது; பயத்துக்கான பிரேக் தேய்கிறது. கஞ்சாவில் போதை தரும் பொருளான டிஎச்சி போய் உட்காருவதும் ஆனந்தமைடுக்கான அதே ஏற்பிகளில்தான். ஆகவே ‘குடித்தால் நிம்மதியாக இருக்கிறது’ என்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் அளவு முக்கியம். 2017இல் வெளியான சிகாகோ ஆய்வில் 7.5 மில்லிகிராம் டிஎச்சி பதற்றத்தைத் தணித்தது, 12.5 மில்லிகிராம் மனநிலையைக் கெடுத்தது. பீடியில் திணிக்கும் கஞ்சாவை யார் அளக்கிறார்கள்? தினமும் குடித்தால் ஏற்பிகள் குறைகின்றன. நிறுத்தினால் தூக்கமின்மை, எரிச்சல், அமுங்கிக் கிடந்த கெட்ட கனவுகள் எல்லாம் வருகின்றன. பழைய காயம்தான் திரும்பிவிட்டது என்று எண்ணி மறுபடி குடிக்கிறார். உண்மையில் ஏற்பிகள் சுமார் நான்கு வாரத்தில் பெருமளவு மீண்டுவிடுகின்றன; அந்த நான்கு வாரத்தைத் தாண்டத்தான் துணை வேண்டும்.

குடிக்கிற எல்லோருக்கும் மனம் கெடுவதில்லையே என்பது நியாயமான கேள்வி. கெடுவதில்லைதான். ஆனால் இளவயதில் தொடங்கியவர்களுக்கும், குடும்பத்தில் மனநோய் இருப்பவர்களுக்கும், ஏற்கெனவே அடிபட்ட மனத்துக்கும் ஆபத்து கூடுதல். கண்டிப்பு காட்டினால் திருந்திவிடுவார்கள் என்பாரும் உண்டு. பயத்தை அடக்கத்தான் ஒருவர் குடிக்கிறார் என்றால், மேலும் பயமுறுத்துவது அவரை எங்கே தள்ளும்? 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டமே இதை உணர்ந்திருக்கிறது: சிறிய அளவு போதைப்பொருளோடு பிடிபட்ட, போதைக்கு அடிமையானவர், அங்கீகரிக்கப்பட்ட இடத்தில் தானாக முன்வந்து சிகிச்சை பெற்றால், 64ஏ பிரிவு அவரை வழக்கிலிருந்து காக்கிறது. இது எத்தனை பேருக்குத் தெரியும்? சிகிச்சைக்காக ஏற்காட்டு மலைக்கிராமத்தவர் சேலம் அரசு மருத்துவமனைக்குப் போக 20 கொண்டை ஊசி வளைவுகள் இறங்க வேண்டும். ஆனால் மனநல ஆலோசனைக்கான டெலி-மானஸின் 14416 என்ற இலவச எண்ணுக்கு, சிக்னல் கிடைக்கும் இடத்தில் ஒரு போன் போதும். அங்கே முதலில் சொல்ல வேண்டியது குடிப்பதை மட்டுமல்ல, குடிக்கத் தொடங்கும் முன் நடந்ததையும்.