மாலத்தீவு போகிறீர்களா?

மாலத்தீவு என்றாலே சொகுசு விடுதிதான், நமக்குக் கட்டுப்படியாகாது என்று தயங்க வேண்டாம். மாஃபுஷி போல உள்ளூர் மக்கள் வாழும் தீவுகளில் சிறு விருந்தினர் இல்லங்கள் உண்டு. தலைநகர் மாலேயிலிருந்து பயணிகள் படகில் குறைந்த செலவில் போய்விடலாம். வெள்ளிக்கிழமை வார விடுமுறை. அன்று இந்தப் படகுகளில் பெரும்பாலானவை ஓடாது. காலையில் சூரை மீன், தேங்காய்த் துருவல், வெங்காயம், மிளகாய் சேர்த்துப் பிசைந்த மாஸ் ஹுனியைச் சூடான ரோஷி ரொட்டியோடு சாப்பிட்டுப் பாருங்கள். இத்தீவுகள் பலவற்றில் நீச்சலுடைக்கென்று தனிக் கடற்கரை உண்டு. தெருவில் தோளும் முழங்காலும் மறைய உடுத்துங்கள். மதுபானம் கொண்டுபோகத் தடை. திரும்பும்போது பவளப்பாறைத் துண்டு எதையும் பெட்டியில் வைக்காதீர்கள். அது சட்டப்படி குற்றம்.