நெருக்கிடமும் வெற்றிடமும்: கொஸ்லந்தை மலையும் அதன் கீழ்நாடும்

நிலத்தை ஐந்திணையாக வகுத்த பழந்தமிழர், பாலையைத் தனியொரு நிலமாகக் கொண்டாரல்லர். முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டவிடத்துத் தோன்றும் நிலைமையே பாலை என்பது இளங்கோவடிகள் காட்டும் கொள்கை. வெறுமை என்பது நிலத்தின் பிறவிக் குணமன்று, பெரும்பாலும் இடையிலே வந்து சேர்வது என்னும் கருத்து இதனுள் அடங்கியுள்ளது. இக்கருத்தை ஏட்டிற் படிப்பதோடு அமையாது கண்ணாலும் காண விரும்புவோர் ஊவா மாகாணத்துக் கொஸ்லந்தைக்குச் செல்லலாம். அங்கு நின்று நோக்குவார்க்கு ஒரு வினா எழும். செங்குத்தான மலைச்சரிவிலே மக்கள் நெருங்கி வாழ, கீழே பரந்து கிடக்கும் வெளியிலே மக்கள் அருகி வாழ்வது ஏன்? இவ்வினாவுக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கொழும்பிலிருந்து இரத்தினபுரி வழியாக வரும் பெருந்தெரு, பெரகலைச் சந்தியைக் கடந்ததும் மலைநாட்டின் தென்விளிம்பைப் பற்றிக்கொண்டு இறங்கத் தொடங்குகின்றது. அவ்விளிம்பின் இடைப்படியிலே அமைந்த சிற்றூரே கொஸ்லந்தை. அதற்கு மேலே பூனாகலை, அப்புத்தளைத் தேயிலை மலைகள். கீழே, ஏறத்தாழ இருபது கிலோமீற்றர் தொலைவில், வெல்லவாய. இவ்விரண்டிற்கும் நடுவே தியலும நீர்வீழ்ச்சி 220 மீற்றர் உயரத்திலிருந்து வீழ்கின்றது. அந்நீர் கிரிந்தி ஓயாவைச் சேர்ந்து, வறண்ட வெளியினூடே சென்று, லுணுகம்வெகர நீர்த்தேக்கத்தை நிரப்பி, திஸ்ஸமகாராமைப் பக்கத்து வயல்களுக்குப் பாய்ந்து, தென்கடலிற் கலக்கின்றது. மலையின் நீரே கீழ்நாட்டின் உயிர். நீர் இறங்கிய வழியே மலையிலிருந்த மக்களும் இறங்கிப் பயிர் செய்திருப்பர் என்று எண்ணத் தோன்றும். அவ்வாறு நிகழவில்லை.

கீழே பரந்திருப்பது மொனராகலை மாவட்டம். நம்மவருட் பலர் இந்நாட்டைக் கதிர்காம யாத்திரையின் வழியாக மட்டுமே அறிவர். வெல்லவாயவையும் புத்தலையையும் கடந்து சந்நிதியை நோக்கிச் செல்லும் அடியார்க்கு, இருமருங்கும் காடும் இடையிடையே சோளச் சேனைகளும் ஓரிரு வீடுகளும் காட்சியளிக்கும். 1959ஆம் ஆண்டு பதுளையினின்றும் பிரிக்கப்பட்ட இம்மாவட்டத்தின் பரப்பு 5,639 சதுர கிலோமீற்றர். பரப்பளவிலே இலங்கையின் இரண்டாவது பெரிய மாவட்டம் இதுவே. 2012ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இங்கு வாழ்ந்தோர் 4,51,058 பேர். அஃதாவது சதுர கிலோமீற்றருக்கு எண்பது பேர். மேலேயுள்ள பதுளை மாவட்டமோ பரப்பிலே இதன் பாதி; மக்களோ எட்டு இலட்சத்துக்கும் அதிகம். அங்கே சதுர கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 285 பேர் வாழ்ந்தனர். அவருள் ஒன்றரை இலட்சம் பேர் மலையகத் தமிழர்.

கீழ்நாடு வறண்ட வலயத்தைச் சேர்ந்தது. ஆதலின் மக்கள் குறைவு என்று சிலர் எளிதாக விடை கூறுவர். இவ்விடையிற் பாதி உண்மையே உண்டு. வடகீழ்ப் பருவ மழையை நம்பிய நாடு அது. ஆடி ஆவணியிலே அனற்காற்று வீசும். எனினும், வெல்லவாயவுக்கு அண்மையிலுள்ள புதுருவகலைப் பாறையிலே ஏழு பேருருவங்களைச் செதுக்கியவர் யார்? மாளிகாவிலையிலே பெருஞ்சிலையைச் சமைத்தவர் யார்? வெறுங்காட்டிலே எவரும் இத்தகைய பணிகளை மேற்கொள்ளார். அந்நாட்டின் பழம்பெயரோ வெல்லஸ்ஸ. இலட்சம் வயல்கள் உடையது என்பது அப்பெயரின் பொருள். எண்ணிக்கை உயர்வு நவிற்சியாக இருப்பினும், குளமும் வாய்க்காலும் வயலும் நிறைந்த நாடாக அது ஒருகாலத்தில் மதிக்கப்பட்டது என்பதற்குப் பெயரே சான்று. மழை அன்றும் இதே மழைதான். இடையில் மாறியது யாது?

கண்டி இராச்சியம் 1815ஆம் ஆண்டு ஆங்கிலேயர் வசமாயிற்று. இரண்டே ஆண்டுகளில், 1817ஆம் ஆண்டு புரட்டாதி மாதத்தில், வெல்லஸ்ஸவிலே கிளர்ச்சி மூண்டது. பதுளையிலிருந்து சென்ற ஆங்கில அதிகாரி வில்சன் கொல்லப்பட்டார். கிளர்ச்சியை அடக்க அனுப்பப்பட்ட கெப்பெட்டிபொல திசாவை மக்களோடு சேர்ந்துகொண்டார். 1818ஆம் ஆண்டு கார்த்திகையிலே கண்டியிற் சிரச்சேதம் செய்யப்பட்டார். தேசாதிபதி பிரவுன்றிக்கின் படைகள் வாளால் மட்டும் வெல்லவில்லை. வீடுகள் எரிக்கப்பட்டன, நெல் அழிக்கப்பட்டது, மாடுகள் கொல்லப்பட்டன, பழமரங்கள் வெட்டப்பட்டன, குளங்கள் பாழாயின. உழுமாடும் விதைநெல்லும் குளக்கட்டும் ஒருங்கே அழிந்தால், அடுத்த மழை எத்துணை நன்றாகப் பெய்யினும் உழவன் மீள இயலாது. பஞ்சமும் நோயும் தொடர்ந்தன. எஞ்சியோர் காட்டோரங்களிற் சிதறி வாழ்ந்தனர்.

பேணுவாரற்ற குளங்கள் நுளம்பு பெருகும் சேற்றுக்குட்டைகளாகி, மலேரியா குடிகொண்டது. 1840ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை நாட்டப்படாத காட்டையும் தரிசையும் முடிக்குரியதாக்கியது. சேனைப் பயிர் செய்வோன் ஆண்டுதோறும் இடம் மாறுபவன். அவனிடம் உறுதி ஏது? போர் வெறுமையாக்கிய நிலத்தைச் சட்டம் வெறுநிலம் என்று எழுதிக்கொண்டது. பின்னர் வந்தோர் அவ்வெழுத்தையே இயற்கை என நம்பினர்.

இனி மலையை நோக்குவோம். முடிக்குரிய மலைக்காடுகள் தோட்டக்காரர்க்கு விற்கப்பட்டன. கோப்பி பயிரிடப்பட்டது, 1869ஆம் ஆண்டு முதலாக இலைநோயால் அது அழிய, தேயிலை அதன் இடத்தைப் பிடித்தது. 1890ஆம் ஆண்டிலே தோமஸ் லிப்டன் அப்புத்தளைக்கு அண்மையிலுள்ள தம்பேதன்னைத் தோட்டத்தை வாங்கினார். திருச்சிராப்பள்ளி, மதுரை, சேலம், இராமநாதபுரம் முதலிய மாவட்டங்களிலிருந்து உழவர் குடியினர் கங்காணிமார் வழியாக அழைத்து வரப்பட்டனர். மன்னாரிலிறங்கிக் காட்டுவழியே நடந்து, வழியிற் பலரை இழந்து, மலையேறியவர் அவர். பதுளைக்குப் புகைவண்டி வந்தது 1924ஆம் ஆண்டிலேதான்.

வந்தவர் உழவர், வந்து சேர்ந்தபின் அவர் உழவரல்லர். பிரட்டுக்களத்திலே பெயர் பதிந்து, கொழுந்து நிறுத்து, செக்றோலின்படி கூலி பெறும் தொழிலாளராயினர். பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான லயக் காம்பிராவே குடியிருப்பு. அதுவும் தொழில் உள்ளவரை மட்டுமே. இவ்வாறு மலையிலே மக்கள் நெருங்கினர். அங்கு அவர் காலின் கீழ்க் கிடந்த மண்ணில் ஒருபிடியும் அவருக்குச் சொந்தமாகவில்லை.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதியிலே கீழ்நாட்டைத் திறக்கும் வாய்ப்பு வந்தது. மருந்து தெளித்தலால் மலேரியா தணிந்தது. ஊவா மலைகளிலே தோன்றும் கல்லோயாவை மறித்து 1949ஆம் ஆண்டு பெருந்திட்டம் தொடங்கப்பட்டது. அங்கே முதலிற் குடியேறிய குடும்பமொன்றுக்கு நாலேக்கர் வயலும் மூன்றேக்கர் மேட்டுநிலமுமாக ஏழேக்கர் வழங்கப்பட்டது. ஆயின், நிலம் வேண்டுமெனில் குடியுரிமை வேண்டும். அதற்கு முந்திய ஆண்டிலே, 1948இல், இயற்றப்பட்ட குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரைப் பெரும்பாலும் நாடற்றவராக்கிவிட்டது. 1964ஆம் ஆண்டு ஐப்பசி 30ஆந் தேதி சிறிமாவோ, சாஸ்திரி ஆகிய இரு பிரதமரும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய ஒன்றரை இலட்சம் பேர் 1974இற் சரிபாதியாகப் பிரிக்கப்பட்டனர். கடல் கடந்து சென்றோருட் பலர் நீலகிரியிலே மீண்டும் தேயிலைத் தொழிலாளராயினர். இங்கே எஞ்சியோரின் சிக்கல் 2003ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே பெரிதும் தீர்ந்தது. நிலம் பங்கிடப்பட்ட காலத்தில் அவருக்குக் குடியுரிமை இல்லை. குடியுரிமை வந்தபோது பங்கிடும் காலம் கடந்துவிட்டது.

தோட்டத் தொழிலாளர்க்கு உழவு வாராது என்று கூறுவாருமுளர். 1970களின் உணவுத் தட்டுப்பாட்டினாலும் 1977ஆம் ஆண்டு வன்செயலினாலும் மலையை விட்டு வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளிற் குடியேறியோரின் வாழ்க்கையே அதற்கு மறுமொழி. காடு வெட்டிக் கிணறு தோண்டி, மிளகாயும் நிலக்கடலையும் விளைவித்த கைகள் நேற்று வரை கொழுந்து பறித்த கைகளே. மரபு மறைந்துவிடவில்லை, அதற்கு இடமே இல்லாதிருந்தது.

இவ்வாறு கூறுவதால், கீழ்நாட்டு உழவன் செல்வத்திலே திளைக்கின்றான் என்று எவரும் கொள்ளற்க. மொனராகலை நெடுங்காலமாக நாட்டின் வறிய மாவட்டங்களுள் ஒன்றாகவே எண்ணப்பட்டு வந்தது. சேனை செய்வோன் ஆடி ஆவணியிலே காடு வெட்டி, மழைக்கு முன் எரித்து, ஐப்பசி மழையோடு சோளம், குரக்கன், பயறு, எள்ளு முதலியவற்றை விதைப்பான். பின்னர், யானையும் பன்றியும் வந்து அழியாவண்ணம் இரவு முழுதும் பரணிலே விழித்திருப்பான். முற்காலத்தில் ஒருமுறை பயிரிட்ட நிலத்தைப் பல்லாண்டு காடாக விட்டுவைத்தனர். மண் தன் வளத்தை மீளப் பெற்றது. இடம் குறுகிய பின் அவ்வோய்வும் குறுகிற்று. உரமும் கடனும் அதன் இடத்துக்கு வந்தன. எனினும் ஒரு வேறுபாடு உண்டு. கீழ்நாட்டான் மழையோடும் விலங்கோடும் போராடுகின்றான். ஆபத்து வந்தால் வீட்டைப் பெயர்த்து வேறிடத்திற் கட்டும் உரிமை அவனுக்குப் பெரும்பாலும் உண்டு. மலையில் வாழ்பவனுக்கு அவ்வுரிமை இல்லை. இவ்வேறுபாடு எத்துணை கொடியது என்பதைக் கொஸ்லந்தை உலகுக்குக் காட்டியது.

2014ஆம் ஆண்டு ஐப்பசி 29ஆந் தேதி காலை, கொஸ்லந்தைக்கு அணித்தாயுள்ள மீரியபெத்தைத் தோட்டத்திலே மலை சரிந்து லயங்களை மூடிற்று. மாண்டோரும் காணாமற் போனோரும் முப்பதுக்கு மேற்பட்டோர். பள்ளிக்குச் சென்றிருந்த பிள்ளைகள் பலர் தப்பினர். திரும்பியபோது அவர்களுட் சிலருக்கு வீடும் இல்லை, பெற்றோரும் இல்லை.

மலை ஏன் சரிந்தது? செங்குத்தான பாறைச் சுவரின் அடியிலே, பழங்காலச் சரிவுகளால் வந்து குவிந்த கல்லும் மண்ணும் தளர்ந்த படையாகக் கிடக்கும். தொடர்மழை பெய்யும்போது நீர் அதனுள் இறங்கி, அடியிலுள்ள பாறையின் மீது தேங்கும். மண்ணின் பாரம் மிகும். மண் துணிக்கைகளிடையே நீரின் அழுத்தம் ஏறி அவற்றின் பிடிப்பைத் தளர்த்தும். வடிகான்கள் தூர்ந்திருப்பின் இது மேலும் விரைவாகும். ஓர் எல்லையைக் கடந்ததும் சரிவு முழுவதும் குழம்பாகி ஓடும். இஃது எவரும் அறியாத மறைபொருளன்று. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் 2005ஆம் ஆண்டிலும் 2011ஆம் ஆண்டிலும் அவ்விடம் வாழத் தக்கதன்று என அறிவுறுத்தியிருந்தது. வேறிடம் செல்லுக என்ற சொல் இருந்தது. செல்வதற்கு உரிய இடம் இல்லை. மலையடிவாரத்திலே பல்லாயிரம் ஏக்கர் பரந்து கிடக்க, மலைமேலிருந்த குடும்பத்துக்குப் பாதுகாப்பான ஒரு துண்டு நிலம் கிடைக்கவில்லை.

அதன் பின்னர் பூனாகலைப் பகுதியின் மகல்தெனியத் தோட்டத்திலே 75 வீடுகள் கட்டப்பெற்று 2016ஆம் ஆண்டில் வழங்கப்பட்டன. அக்காலந்தொட்டுத் தோட்டக் குடும்பங்களுக்கு ஏழு பேர்ச் காணியுடன் தனிவீடு என்பது அரசின் கொள்கையாகியது. லயத்தோடு ஒப்பிடுமிடத்து இது பெரும் முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. ஆயின் கணக்கறிந்தோர் ஒன்றை எண்ணிப் பார்ப்பாராக. ஓரேக்கருக்கு நூற்றறுபது பேர்ச். கல்லோயாவில் வந்தேறிய உழவன் பெற்றது ஏழேக்கர். ஐந்தாறு தலைமுறை உழைத்த தோட்டத் தொழிலாளிக்கு வகுக்கப்பட்டது ஏழு பேர்ச். எண் ஒன்றே, அளவோ நூற்றறுபதில் ஒரு பங்கு. முன்னது பயிரிட்டு வாழ்வதற்கு. பின்னது உறங்கி எழுவதற்கு.

ஆகவே, முதலில் எழுந்த வினாவுக்கு விடை நிலவரைபடத்தில் மட்டும் இல்லை. கீழ்நாட்டை வெறுமையாக்கியது போரும் சட்டமும்; மேல்நாட்டை நெருக்கமாக்கியது முதலும் சட்டமும். இரண்டிற்கும் நடுவே வேலி போட்டது குடியுரிமை. மழை இவற்றுக்குத் துணை நின்றதேயன்றி முதற்காரணமாகவில்லை. ஒரு நாட்டில் மக்கள் அருகியிருப்பதும் செறிந்திருப்பதும் தம்மளவில் நன்றும் அல்ல, தீதும் அல்ல. தான் நிற்கும் நிலம் தன்னுடையது என்று சொல்லக்கூடியவர் எத்தனை பேர் என்பதே கேட்கத்தக்கது.

எமது பழைய மாணவருட் காணி அலுவலரும் பொறியியலாளரும் சட்ட வல்லுநரும் ஆசிரியரும் பலர் உளர். மாணவருள் நாளை அப்பதவிகளை ஏற்கப் போவோரும் உளர். சரிவு அபாயமுள்ள இடம் இது என்று அளந்து சொல்வது ஒருவர் பணி. அவ்விடத்தை விட்டு வருவோர்க்கு உறுதியோடு நிலம் எழுதிக் கொடுப்பது மற்றொருவர் பணி. முதற்பணி நடந்து இரண்டாவது நடவாமையால் நேர்ந்ததே மீரியபெத்தை. இரண்டையும் ஒருங்கே செய்விப்பது கற்றோர் கடன்.