சுமேரியச் சொற்கள் யாருடையவை?

இன்றைய தெற்கு ஈராக்கில் நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த சுமேரியர்கள் வணிகனை ‘தம்கர்’ என்றார்கள். பூண்டு ‘சும்’. அடிமை ‘அரத்’. நலமாக இருப்பது ‘சிலிம்’. அரபியோ எபிரேயமோ தெரிந்தவருக்கு இவற்றில் சில அந்நியமாகத் தோன்றாது. அரபியில் பூண்டு ‘தூம்’, எபிரேயத்தில் ‘ஷூம்’. சிலிம் என்றதும் ‘சலாம்’ நினைவுக்கு வரும்.

அப்படியானால் சுமேரியமே அரபியும் எபிரேயமும் சேர்ந்த செமித்திய மொழிகளிலிருந்து வந்ததுதானா? உலகின் மிகப் பழைய எழுத்துக்குச் சொந்தக்காரர்கள் என்று நாம் படிக்கும் மக்கள் உண்மையில் இருந்தார்களா? 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இந்தக் கேள்வி ஐரோப்பிய அறிஞர்களை இரண்டு அணிகளாகப் பிரித்தது. சொற்களை வைத்து வரலாற்றை எப்படி அறியலாம், எப்படி அறியக் கூடாது என்பதை அந்த வழக்கைப் போல் தெளிவாகச் சொல்லித்தருவது வேறொன்றில்லை.

எழுத்து காட்டிக்கொடுத்த மொழி

பாபிலோனையும் அசீரியாவையும் கிரேக்க நூல்களும் விவிலியமும் நினைவில் வைத்திருந்தன. சுமேரை உலகம் மறந்துவிட்டிருந்தது. 1840களின் இறுதியிலும் 1850களின் தொடக்கத்திலும் நினிவே நகர இடிபாடுகளைத் தோண்டியபோது அசீரிய மன்னன் அசூர்பனிபாலின் நூலகம் கிடைத்தது. களிமண் பலகைகளில் ஆப்பு வடிவில் அழுத்தி எழுதப்பட்ட அந்த எழுத்தை அறிஞர்கள் மெல்ல மெல்லப் படிக்கத் தொடங்கினார்கள். 1857இல் லண்டனின் ராயல் ஏசியாட்டிக் சங்கம் ஒரு சோதனை வைத்தது. ஒரே கல்வெட்டை நான்கு பேர் ஒருவரையொருவர் கலக்காமல் மொழிபெயர்க்க வேண்டும். உறைகளைப் பிரித்துப் பார்த்தபோது நான்கும் பெருமளவுக்கு ஒத்திருந்தன. ஆப்பெழுத்துப் புதிர் அவிழ்ந்தது. அதில் எழுதப்பட்ட அக்காடிய மொழி அரபிக்கும் எபிரேயத்துக்கும் உறவான செமித்திய மொழி என்பது உறுதியானது.

அந்த நால்வரில் ஒருவர் அயர்லாந்தின் சிற்றூர் ஒன்றில் பாதிரியாராக இருந்த எட்வர்ட் ஹிங்க்ஸ். அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்பே அவருக்கு ஒரு நெருடல் இருந்தது. ஒரு மொழியைப் பேசுவோர் தமக்கென்று எழுத்தை உருவாக்கினால், படத்துக்கும் ஒலிக்கும் அவர்கள் மொழியிலேயே தொடர்பு இருக்க வேண்டும். அக்காடியத்தில் மாடு ‘அல்பு’. ஆனால் மாட்டுத் தலையிலிருந்து வந்த குறி ‘கு’ என்று ஒலிக்கிறது. கை ‘காத்து’, கையின் குறி ‘ஷு’. வாய் ‘பூ’, அதன் குறி ‘கா’. தலை ‘ரேஷு’, குறியோ ‘சக்’. செமித்திய மொழிகளுக்கே உரிய அழுத்த ஒலிகளையும் தொண்டை ஒலிகளையும் இந்த எழுத்து ஒழுங்காகப் பிரித்துக் காட்டவும் இல்லை. தனக்கென்று அளவெடுத்துத் தைத்த சட்டை இப்படித் தொளதொளவென்று இருக்காது. வேறு யாரோ தம் மொழிக்காகச் செய்த எழுத்தை அக்காடியர் எடுத்து அணிந்துகொண்டார்கள் என்று ஹிங்க்ஸ் முடிவுக்கு வந்தார்.

அந்த ‘வேறு யாரோ’வுக்குப் பெயர் சூட்டியவர் பிரான்சில் வாழ்ந்த ஜூல்ஸ் ஒப்பேர். பழைய மன்னர்கள் தம்மைச் ‘சுமேருக்கும் அக்காடுக்கும் அரசன்’ என்று அழைத்துக்கொண்டதைக் கவனித்து, அந்த மொழியைச் சுமேரியம் என்று 1869இல் அழைத்தார்.

ஹலேவியின் மறுப்பு

ஐந்து ஆண்டுகள் கழித்து, 1874இல், ஜோசப் ஹலேவி அடியோடு மறுத்தார். சுமேரியம் என்று ஒரு மொழியே இல்லை, சுமேரியர் என்று ஒரு மக்களும் இல்லை. செமித்தியப் பூசாரிகள் தம் சமய நூல்களை மறைத்து எழுதுவதற்காகச் செய்துகொண்ட குழூஉக்குறிதான் அது. அதிலுள்ள சொற்கள் செமித்தியச் சொற்களைச் சுருக்கியும் திரித்தும் செய்யப்பட்டவை என்றார் அவர்.

ஹலேவியை எளிதாக ஒதுக்கிவிட முடியாது. ஒட்டோமன் பேரரசின் எடிர்னே நகரில் 1827இல் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். 1867இல் எத்தியோப்பியாவுக்குச் சென்று அங்கிருந்த யூதச் சமூகத்தை நேரில் ஆராய்ந்தார். 1869–70இல் ஏமனில், உயிருக்கு உத்தரவாதம் இல்லாத பாதைகளில் பயணம் செய்து 686 பழங்கல்வெட்டுகளைப் படியெடுத்து வந்தார். செமித்திய மொழிகளில் அவருக்கு ஈடானவர்கள் அன்று வெகு சிலரே. அவருடைய வாதத்துக்கு ஒரு பின்னணியும் உண்டு. செமித்திய மக்களுக்குப் படைப்பாற்றல் குறைவு என்ற பேச்சு அன்றைய ஐரோப்பிய அறிவுலகில் செல்வாக்கோடு இருந்தது. எழுத்தையும் நகரத்தையும் கண்டவர்கள் செமித்தியர் அல்லர் என்ற முடிவு அந்த இழிவுக்குத் துணைபோய்விடும் என்று அவர் அஞ்சியிருந்தால், அந்த அச்சத்துக்குக் காரணம் இருந்தது. ஆனால் இழிவுக்கு எதிரான நியாயமான கோபம், ஒரு மொழி இருந்ததா இல்லையா என்பதற்குச் சான்றாகிவிடாது.

மண் சொன்ன சாட்சி

1877இல் தெற்கு ஈராக்கின் தெல்லோ என்ற மேட்டை எர்னஸ்ட் த சார்செக் தோண்டத் தொடங்கினார். அங்கே புதைந்திருந்தது கிர்சு என்ற சுமேரிய நகரம். ஆட்சியாளன் கூதியாவின் கருங்கல் சிலைகளும், கோயில் கட்டிய கதையைச் சொல்லும் இரண்டு பெரிய களிமண் உருளைகளும் வெளிவந்தன. இன்று லூவ்ர் அருங்காட்சியகத்தில் உள்ள அந்த உருளைகளில் 1300 வரிகளுக்கு மேல் சுமேரியம். நிலக்கணக்கு, கூலி, ஆட்டுமந்தை எண்ணிக்கை என்று அன்றாட ஆவணங்களும் சுமேரியத்தில் குவிந்தன. ஆடு எண்ணுவதற்கு யாரும் மறைமொழி பயன்படுத்த மாட்டார்கள்.

அதைவிட வலுவான சாட்சி இலக்கணம். ‘அரசனுடைய வீட்டில்’ என்பதற்கு அக்காடியம் ‘இன பீத் ஷர்ரிம்’ என்கிறது. ‘இல்’ என்ற பொருளுள்ள சொல் முன்னால் வருகிறது. சுமேரியத்திலோ ‘எ லுகல்-அக்-அ’. எ என்றால் வீடு, லுகல் அரசன், அக் ‘உடைய’, அ ‘இல்’. உருபுகள் எல்லாம் கடைசியில் வரிசையாக ஒட்டிக்கொள்கின்றன. செமித்திய மொழிகளில் சொல் பிறப்பதே வேறு வழியில். மூன்று மெய்கள் வேராக நிற்க, இடையில் உயிர்கள் மாறி மாறிப் புகுந்து புதுச் சொற்களைத் தரும். கிதாப் நூல், காதிப் எழுதுபவர், மக்தப் பள்ளி என்று க்-த்-ப் என்ற வேர் உருமாறுவதைப் போல. சுமேரியத்தில் இந்த வேலையே கிடையாது.

இன்னொன்றும் உண்டு. சுமேரிய இலக்கியத்தில் தெய்வப் பெண்கள் பேசும்போதும் ஒப்பாரிப் பாடல்களிலும் ‘எமெசல்’ என்ற தனி வழக்கு வருகிறது. கடவுள் பொதுவழக்கில் ‘திங்கிர்’, எமெசலில் ‘திமெர்’. ஒலி மாறிய கிளை வழக்கு, பேசிப் பேசி வளர்ந்த மொழிக்குத்தான் அமையும். ஹலேவியின் பக்கம் சிறிது காலம் நின்ற ஜெர்மானிய அறிஞர் பிரீட்ரிக் டெலிட்ஷ் தம் கருத்தை மாற்றிக்கொண்டு, பிறகு சுமேரிய இலக்கணமே எழுதினார். 1923இல் ஆர்னோ போபெல் எழுதிய விரிவான இலக்கணம் வந்தபின் வழக்கில் மிச்சம் ஏதுமில்லை. 1917இல் மறைந்த ஹலேவி கடைசிவரை தம் நிலையிலிருந்து இறங்கவில்லை.

கடன் எந்தத் திசையில் போனது?

அப்படியென்றால் தம்கரும் சும்மும் சிலிமும் எப்படி வந்தன? ஹலேவி கண்ட ஒற்றுமைகளில் சில உண்மையானவை. அவை பிறப்பைக் காட்டவில்லை, கொடுக்கல் வாங்கலைக் காட்டுகின்றன. எது கொடுத்தது, எது வாங்கியது என்பதைக் கண்டுபிடிக்க மொழியியலாளர்களுக்குச் சில உரைகற்கள் உண்டு.

முதலாவது, ஒரு சொல் எந்த மொழிக்குள் பிரித்தால் பொருள் தருகிறது என்பது. ‘தம்கர்’ என்பதைச் சுமேரியத்தில் உடைத்தால் வணிகத்தோடு தொடர்புள்ள எதுவும் கிடைப்பதில்லை. அக்காடியத்தில் ‘தம்காரு’ என்பது ம்-க்-ர், அதாவது ‘வாணிபம் செய்’ என்ற வேரின் முன் ‘த’ சேர்ந்து பிறந்தது. போர் என்ற பொருளுள்ள ‘தம்ஹர’வும் அதே அச்சில் வார்த்த செமித்தியச் சொல். எடையளவான ‘மன’, எண்ணுதல் என்ற பொருளுள்ள அக்காடிய வினையிலிருந்து வந்தது. ஏறத்தாழ அரைக் கிலோ எடையுள்ள அந்த அளவுதான் பிறகு கிரேக்கம் வரை போய் ‘மினா’ ஆயிற்று.

இரண்டாவது, உறவு மொழிகளில் ஒலிகள் முறையாக மாறுகின்றனவா என்பது. அரபியின் ‘த’ எபிரேயத்தில் ‘ஷ’ ஆகும். காளை தௌர் – ஷோர், மூன்று தலாதா – ஷலோஷ். பூண்டும் அதே தடத்தில் தூம் – ஷூம் என்று போகிறது. குடும்பம் முழுவதும் ஒழுங்கோடு பரவியிருக்கும் சொல் அந்தக் குடும்பத்தின் பழஞ்சொத்து. பூண்டைக் கடன் வாங்கியவர்கள் சுமேரியர்கள்.

இதே உரைகற்கள் எதிர்த்திசையிலும் பேசுகின்றன. அக்காடியத்தில் அரண்மனை ‘எகல்லு’. மும்மெய் வேர் எதிலும் இது அடங்காது. சுமேரியத்தில் ‘எ’ வீடு, ‘கல்’ பெரிய, பெரிய வீடு. எபிரேயத்தில் அது ‘ஹேகால்’ ஆகி எருசலேம் கோயிலைக் குறித்தது. அரபியில் ‘ஹைகல்’ ஆனது. சுமேரியத்தின் மெல்லொலிகள் அக்காடியத்தில் வல்லொலிகளாக மாறுவதும் இந்தக் கடன்களில் முறையாக நிகழ்கிறது. தமிழில் இரண்டையும் ஒரே எழுத்தால் எழுதுவதால் நம் கண்ணுக்கு அது தெரிவதில்லை. ஆங்கில எழுத்தில் எழுதினால் ஜி கே-யாகவும், டி-யும் பி-யும் அவற்றின் வல்லொலிகளாகவும் மாறுவது தெரியும். களிமண் பலகையைக் குறிக்கும் ‘துப்’ அப்படித்தான் ‘துப்பு’ ஆனது.

படகோட்டியின் கதை இன்னும் நீளமானது. சுமேரியத்தில் ‘ம’ படகு, ‘லஹ்’ செலுத்து. ‘மலஹ்’ படகைச் செலுத்துபவன். அக்காடியத்தில் ‘மலாஹு’, அரமேயம் வழியாக அரபியில் ‘மல்லாஹ்’. அரபியில் உப்பு ‘மில்ஹ்’ என்பதால் கடலோடிக்கும் உப்புக்கும் முடிச்சுப் போடத் தோன்றும். பலகைகள் அந்த முடிச்சை அவிழ்க்கின்றன. அரபி, பாரசீகம் வழியாக அந்தச் சொல் இந்தியாவுக்கும் வந்தது. கங்கைக் கரையின் படகோட்டிச் சமூகத்தார் இன்றும் ‘மல்லாஹ்’ எனப்படுகிறார்கள். யூப்ரடீஸில் நாணல் படகு செலுத்தியவனின் பெயர், அவன் மொழி செத்து நாலாயிரம் ஆண்டுகள் ஆன பிறகும் கங்கையில் துடுப்புப் போடுகிறது.

தீராத வழக்குகளும் உண்டு. நாற்காலி சுமேரியத்தில் ‘குஸ’, அக்காடியத்தில் ‘குஸ்ஸு’, அரபியில் ‘குர்ஸி’. குர்ஆனின் ஆயத்துல் குர்ஸி வசனத்தை ஓதும் தமிழ் முஸ்லிம்களுக்குப் பழகிய சொல். இது சுமேரியத்திலும் தெளிவாக உடையவில்லை. செமித்திய வினை வேர் எதிலும் அழகாக அமரவில்லை. இருவருமே மூன்றாமவரிடம் வாங்கியிருக்கலாம். உழவன், தச்சன், கலப்பை போன்ற சொற்கள் சுமேரியருக்கு முன் அந்நிலத்தில் வாழ்ந்தோர் விட்டுச்சென்றவை என்று 1940களில் பென்னோ லான்ட்ஸ்பெர்கர் வாதிட்டார். அப்படி ஒரு மொழி இருந்ததற்குச் சான்று போதாது என்று பின்வந்தோர் மறுத்தார்கள். அந்த விவாதம் நடந்துகொண்டிருக்கிறது.

ஒரே ஊரில் இரண்டு மொழி

இவ்வளவு கொடுக்கல் வாங்கல் நடக்க, இரண்டு மக்களும் நெடுங்காலம் கலந்து வாழ்ந்திருக்க வேண்டும். அபு சலாபிக் என்ற இடத்தில் கிடைத்த, கி.மு. 2600ஐ ஒட்டிய சுமேரிய இலக்கியப் பலகைகளை எழுதியவர்களில் பலருக்குச் செமித்தியப் பெயர்கள். சிரியாவின் எப்லாவில் 1975இல் கிடைத்த அரண்மனை ஆவணக்காப்பகத்தில், சுமேரியச் சொல்லுக்கு எதிரே உள்ளூர்ச் செமித்தியச் சொல்லை எழுதிய இருமொழி அகராதிப் பலகைகள் இருந்தன. நாம் அறிந்த மிகப் பழைய இருமொழி அகராதிகள் அவையே.

கலப்பு பெயர்ச்சொற்களோடு நிற்கவில்லை. ‘வானும் நிலமும்’ என்பதைச் சுமேரியர்கள் ‘அன்-கி’ என்று சொற்களை அருகருகே வைத்தோ, நம் ‘உம்’ போல் ஈற்றில் ‘பி’ என்று ஒட்டியோ சொல்லிவந்தார்கள். பிறகு அக்காடியத்தின் ‘உ’ என்ற இணைப்புச் சொல்லை எடுத்துக்கொண்டார்கள். அக்காடியமும் சும்மா இருக்கவில்லை. பழைய செமித்திய மொழிகளில் வினை வாக்கியத்தின் முன்பகுதியில் வருவதே வழக்கம். அக்காடியமோ சுமேரியத்தோடு பழகி, வினையைக் கடைசிக்குக் கொண்டுபோனது. பெயர்களைக் கடன் வாங்கச் சந்தைப் பழக்கம் போதும். இணைப்புச் சொல்லும் வாக்கிய அமைப்பும் கைமாற, ஒரே தெருவில், ஒரே வீட்டில் இரண்டு மொழியும் பேசப்பட்டிருக்க வேண்டும்.

தமிழ் வாசகருக்கு இங்கே இன்னொரு கேள்வி எழும். சுமேரியம் தமிழ்தான் என்று வாதிட்ட தமிழறிஞர்கள் உண்டு. துருக்கியம், ஹங்கேரியம், பாஸ்க் பேசுவோரும் அப்படியே உரிமை கோரியிருக்கிறார்கள். உருபுகளை ஒட்டிக்கொண்டே போகும் குணம் இவை எல்லாவற்றுக்கும் பொது. அது மட்டும் உறவாகாது. உறவு எப்படியிருக்கும் என்பதற்குக் கன்னடமே எடுத்துக்காட்டு. பால் – ஹாலு, பல் – ஹல்லு, புலி – ஹுலி, பத்து – ஹத்து. ஒரு விதி, விலகாமல் சொல்லுக்குச் சொல் நிற்கிறது. அந்த ஒழுங்கைச் சுமேரியத்துக்கும் வேறெந்த மொழிக்கும் இடையே மொழியியல் உலகம் ஏற்கும்படி யாரும் காட்டவில்லை. அதனால்தான் அது உறவற்ற தனிமொழியாகவே நிற்கிறது.

ஹலேவிக்கு வைத்த அதே உரைகல்லை நமக்கும் வைத்துக்கொள்வதுதான் நேர்மை. நம் மொழியின் பெருமைக்கு நாலாயிரத்து ஐந்நூறு ஆண்டு முந்திய இன்னொரு மக்களின் மொழியை வாரிசுரிமையாகக் கேட்க வேண்டியதில்லை. சுமேரியர்கள் வணிகனின் பெயரை வாங்கினார்கள், படகோட்டியின் பெயரைக் கொடுத்தார்கள். வாங்கியதால் அவர்கள் மொழி சிறுக்கவில்லை. யாரோடு கூடி வாழ்ந்தார்கள், எதை விற்றார்கள், எதை உண்டார்கள் என்பதையெல்லாம் அந்தக் கடன்சொற்களே நமக்குச் சொல்கின்றன. அவற்றை யாருடையவை என்று கேட்டுச் சண்டையிட்டபோது ஒன்றும் தெரியவில்லை. எந்த வழியாக வந்தன என்று பொறுமையாகக் கேட்டபோதுதான் ஒரு நாகரிகம் பேசத் தொடங்கியது.