கண்ணுக்குத் தெரியாத உப்பு

வெள்ளியங்கிரி மலைப்பகுதியில் தோன்றும் நொய்யல், கோவை, திருப்பூர் ஆகிய நகரங்களைக் கடந்து கரூர் மாவட்டத்தில் காவிரியோடு கலக்கிறது. பின்னலாடைத் தொழில் பெருகிய காலத்தில், சாயப்பட்டறைகளில் துணிக்கு ஏற்றிய நிறமே ஆற்றிலும் ஓடியது. நிறம் கண்டு மக்கள் அஞ்சினர். ஆனால், நெடுங்காலம் நின்று கேடு விளைத்தது அந்நீரில் கரைந்திருந்த உப்பே ஆகும்.

துணிக்குச் சாயமேற்ற உப்பு எதற்கு? நீரில் நனைந்த பருத்தி இழை எதிர்மின்தன்மை பெறுகிறது. சாய மூலக்கூறும் எதிர்மின்தன்மை உடையதே. ஒத்த மின்னூட்டங்கள் ஒன்றையொன்று விலக்கும் என்பது மாணவர் அறிந்த இயற்பியல்தான். அவ்விலக்கத்தைத் தணித்துச் சாயத்தை இழையோடு சேர்ப்பதற்காகவே சோடியம் குளோரைடு அல்லது சோடியம் சல்பேட்டு இடப்படுகிறது. அடர்நிறம் வேண்டுமெனில், ஒரு லிட்டர் சாயநீருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்புத் தேவைப்படும். ஒருவர் ஒருநாளில் உண்ணத்தக்க உப்போ 5 கிராமுக்கும் குறைவு என்கிறது உலக சுகாதார நிறுவனம். சாயம் துணியில் தங்கும், உப்புத் தங்காது. இட்டதெல்லாம் கழிவுநீரோடு வெளியேறிவிடும்.

சுண்ணாம்பும் இரும்பு சல்பேட்டும் இட்டுத் தெளியவைத்தால் நிறம் நீங்கும், உப்பு நீங்காது. தெளிந்த நீரெல்லாம் தூய நீர் என்று கொண்டதே பெரும்பிழை. நிலத்தடியில் இறங்கிய அந்நீர் கிணறுகளை உவராக்கியது. குடிநீரில் கரைந்துள்ள திடப்பொருள்கள் லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருக்கவேண்டும் என்பது இந்தியத் தரநிர்ணயம். வேறு நீர் கிடைக்காத இடங்களில் மட்டும் 2000 வரை ஏற்கப்படுகிறது. சோடியம் மிகுந்த நீரைத் தொடர்ந்து பருகினால் இரத்த அழுத்தம் உயரக்கூடும். இதய நோயாளருக்கும் சிறுநீரக நோயாளருக்கும் இடர் மிகுதி. மருத்துவர் சொற்படி உணவில் உப்பைக் குறைப்பவர்கூடக் குடிநீரின் வழியே சேரும் உப்பைக் கணக்கிடுவதில்லை. காய்ச்சுவதாலும் பயனில்லை, நீர் ஆவியாகக் குறையக் குறைய உப்பின் செறிவு கூடவே செய்யும்.

பாசனத்துக்கென 1992இல் திறக்கப்பட்ட ஒரத்துப்பாளையம் அணை சாயக்கழிவின் தேக்கமாயிற்று. உழவர்கள் நீதிமன்றத்தை நாடினர். கழிவுநீரைச் சிறிதும் வெளிவிடாத நிலையை எய்தும்வரை சாய, சலவைப் பட்டறைகளை மூடுமாறு 2011 ஜனவரி 28 அன்று சென்னை உயர்நீதிமன்றம் ஆணையிட்டது. தொழிலாளர் பலர் வேலையிழந்தனர். பின்னர், எதிர்ச் சவ்வூடுபரவல் முறையாலும் ஆவியாக்கும் கலன்களாலும் நீரையும் உப்பையும் பிரித்து மீண்டும் சாயமேற்றப் பயன்படுத்தும் முறை பரவியது. இருப்பினும், எதற்கும் பயன்படாத கலப்பு உப்பு எஞ்சுகிறது. அது மூட்டைகளாகக் கட்டப்பட்டுச் சுத்திகரிப்பு நிலையங்களில் அடுக்கிவைக்கப்படுகிறது.