குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் மாதவிடாயை மாற்றுமா?

புதுக்கோட்டை ராணியார் மருத்துவமனை போன்ற இடங்களில் பிரசவத்தோடு செய்யப்படும் இந்த ஆபரேஷனில் கருக்குழாய் மட்டுமே கட்டி வெட்டப்படுகிறது. மாதவிடாயை நடத்தும் ஹார்மோன்கள் சினைப்பையிலிருந்து ரத்தத்தில் கலந்து கருப்பையை அடைகின்றன. குழாய் வழியாக அல்ல. முட்டை வழக்கம்போல் வெளிவந்து உடம்பிலேயே கரைந்துவிடும்.

அமெரிக்காவில் இந்த ஆபரேஷன் செய்துகொண்ட 9,514 பெண்களை, கணவர் வாசக்டமி (ஆண்களுக்கான கருத்தடை ஆபரேஷன்) செய்துகொண்ட பெண்களோடு ஒப்பிட்ட ஆய்வு 2000-இல் வெளியானது. உதிரப்போக்கும் வலியும் குறைந்தவர்கள் ஆபரேஷன் செய்துகொண்டவர்களில்தான் அதிகம்! சுழற்சி ஒழுங்கு தவறியவர்களும் சற்றுக் கூடுதல்தான்.

பிறகு ஏன் 'ஆபரேஷன் பண்ணினதிலிருந்து' என்ற புகார்? பாலூட்டும்போது நின்ற மாதவிடாய் முன்பின்னாகத்தான் திரும்பும். வயது ஏற ஏற நார்த்திசுக் கட்டி, தைராய்டு எல்லாம் வரலாம். பழி மட்டும் பழைய தழும்புக்கு! அதை நம்பி டாக்டரிடம் போகாமல் இருந்தால், மிஞ்சுவது ரத்தசோகை.