கலோரிக் கணக்கு எதுவரை?

உடல் எடையைக் குறைப்பது எப்படி என்பதைப் பற்றி எழுதாத ஏடில்லை; பேசாத மருத்துவரில்லை. குறைத்தபின் என்ன செய்வது என்பதைப் பற்றியோ எவரும் அதிகம் பேசுவதில்லை. பத்துக் கிலோ குறைந்தவரைக் கண்டு உற்றாரும் ஊராரும் வியந்து பாராட்டிவிட்டுத் தம் வழியே போய்விடுகின்றனர். அவர் மட்டும் கையில் கணக்கேட்டுடன் நிற்கிறார். ஓராண்டாக உண்ட ஒவ்வொரு இட்லியையும் எழுதி, அதற்குரிய கலோரியைக் கூட்டி வந்தவர், இனி அதை வாழ்நாள் முழுதும் தொடர வேண்டுமா, அன்றி மூடி வைத்துவிடலாமா?

சர்க்கரை நோய் நம் குடும்பங்களில் மலிந்துவிட்ட இந்நாளில், கைப்பேசியிலேயே இக்கணக்கைப் போடும் செயலிகளும் வந்துவிட்டபடியால், இக்கேள்வி அன்பியக் கூட்டங்களிலும் எழத் தொடங்கியுள்ளது. மருத்துவரிடம் கேட்க வேண்டியதைப் பங்குத்தந்தையிடம் கேட்பானேன் என்று சிலர் வினவலாம். கேட்பவர்களின் கவலை வயிற்றோடு நிற்பதில்லை, மனச்சாட்சியையும் தொட்டுவிடுகிறது. ஆகவேதான் இதைப் பற்றிச் சிறிது விரிவாக எழுதத் துணிந்தோம்.

கலோரி என்பது வெப்பத்தை அளக்கும் அலகு. அதை உணவுக்குப் பொருத்திக் காட்டியவர்களில் முதன்மையானவர் அமெரிக்க வேதியியல் அறிஞர் வில்பர் அட்வாட்டர் (1844–1907). மனிதனை ஓர் அறைக்குள் இருத்தி, அவன் உண்பதையும் அவன் உடல் வெளியிடும் வெப்பத்தையும் அளந்து பார்த்தவர் அவர். மாவுப்பொருள் ஒரு கிராமுக்கு 4, புரதம் 4, கொழுப்பு 9 என்று இன்றும் வழங்கும் கணக்கு அவருடைய ஆராய்ச்சியிலிருந்து வந்ததே. எடை குறைக்க அக்கணக்கைப் பயன்படுத்துமாறு பெண்களுக்குக் கற்பித்தவர் லூலு ஹன்ட் பீட்டர்ஸ் என்னும் மருத்துவ அம்மையார். அவருடைய நூல் 1918-இல் வெளிவந்து ஏராளமாக விற்பனையாயிற்று. அதே 1918-இல்தான் நமது குன்னூரில், சத்துக் குறைவால் வரும் பெரிபெரி நோயை ஆராயச் சிறு நிலையமொன்று தோன்றியது. அது வளர்ந்து 1958-இல் ஐதராபாத்துக்குப் பெயர்ந்து, இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. ஒரு நாட்டில் உண்பதைக் குறைக்கக் கணக்கெழுதக் கற்ற ஆண்டிலேயே, மறுநாட்டில் நல்லுணவு இல்லாமையால் வரும் நோய்க்கு மருந்து தேடத் தொடங்கினர்! இன்று அவ்விரண்டு நோய்களும் நம் நாட்டில் ஒரே தெருவில் குடியிருக்கின்றன.

கணக்கு எழுதுவதால் நன்மை உண்டா எனில், ஐயமின்றி உண்டு. நாம் உண்ணும் அளவை நாமே அறிவதில்லை. எவ்வளவு குறைவாக உண்டாலும் எடை குறையவில்லை என்று முறையிட்ட பத்துப் பேரை அமெரிக்காவில் ஆராய்ந்து, அதன் முடிவை 1992-இல் வெளியிட்டனர். அவர்கள் சொல்லிய அளவு, உண்மையில் உண்ட அளவில் ஏறத்தாழப் பாதிதான் என்று தெரியவந்தது. அவர்களைப் பொய்யர் என்று கொள்ள வேண்டியதில்லை. அடுப்படியில் நின்றவாறே வாயிலிட்ட முறுக்கும், பிள்ளை மீதம் வைத்த தோசைத் துண்டும், வந்த விருந்தினருக்குத் துணையாகக் குடித்த இரண்டாவது காப்பியும் எவர் நினைவில் நிற்கும்? மூன்று மாதம் ஒழுங்காக எழுதி வந்தவருக்கு இவையெல்லாம் தெரிந்துவிடுகின்றன. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறக்குறைய 120 கலோரி, வெந்த சோறு 100 கிராமில் சுமார் 130 கலோரி என்பன அவர் மனத்தில் பதிந்துவிடுகின்றன. பதிந்தபின் ஏடு எதற்கு என்பதே கேள்வி.

இங்கே அவசரப்படலாகாது. எடை குறைந்த உடல் அதை எளிதில் ஏற்றுக்கொள்வதில்லை. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரத்து மருத்துவர்கள் 50 பேரைப் பத்து வாரம் மிகக் குறைந்த உணவில் இருத்தி எடை குறையச் செய்து, ஓராண்டு கழித்து மீண்டும் சோதித்து, 2011-இல் தம் முடிவை வெளியிட்டனர். பசியைத் தூண்டும் சுரப்பு அப்போதும் ஓங்கியே இருந்தது. போதும் என்று அறிவிக்கும் சுரப்புகள் தாழ்ந்தே இருந்தன. குறைந்த ஒவ்வொரு கிலோவுக்கும் உடலின் அன்றாடச் செலவு 20 முதல் 30 கலோரி குறைகிறது என்றும், பசியோ நாளொன்றுக்கு 100 கலோரி அளவு கூடுகிறது என்றும் பின்வந்த ஆராய்ச்சியாளர்கள் மதிப்பிட்டுள்ளனர். அப்படியாயின் பத்துக் கிலோ குறைத்தவரின் உடல், முன்னைவிடக் குறைவாகச் செலவழித்துக்கொண்டு, முன்னைவிட ஆயிரம் கலோரி அதிகமாகக் கேட்கிறது. ஏட்டை ஒரே நாளில் தூக்கி எறிந்தவர்கள் பலரின் எடை திரும்பி வந்துவிடுவதன் காரணம் இதுவே.

எடை திரும்பிவிட்டது, ஆகவே போசனப்பிரியம் என்னும் தலையான பாவத்தில் விழுந்துவிட்டோம் என்று வருந்துவோர் உளர். இவ்வருத்தம் தேவையற்றது. போசனப்பிரியம் என்பது மனமறிந்து, முறைதவறி, உணவையே நாடி நிற்பது. உடலின் சுரப்புகள் எழுப்பும் பசி பாவமன்று. அதற்கு எதிரான புண்ணியமாகப் பழைய ஞானோபதேசம் கற்பித்த மட்டசனமும், தராசில் நிறுத்து உண்பதைக் குறிப்பதன்று.

இனி மறுபக்கத்தையும் காண்போம். எமக்கு அறிமுகமான ஆசிரியர் ஒருவர் பதினாறு மாதங்களில் 14 கிலோ குறைத்தார். இரத்தத்தில் சர்க்கரையும் அழுத்தமும் கட்டுப்பட்டன. அதன்பின்னும் இரண்டாண்டுகளாக ஒருநாள் தவறாமல் எழுதி வந்தார். சோற்றைத் தராசில் நிறுத்தே உண்பார். நண்பர் வீடுகளில் உண்பதை நிறுத்திக்கொண்டார். தங்கை மகள் திருமணத்தில், பிரியாணியில் நெய் எத்தனை கிலோ விட்டீர்கள் என்று சமையற்காரரைக் கேட்டுத் திகைக்க வைத்தார். கிறிஸ்துமஸ் அன்று அவருடைய தாயார் தாமே சுட்ட அதிரசத்தில் ஒன்றை நீட்டியபோது, இன்றைய கணக்கு முடிந்துவிட்டது என்று கையை விலக்கினாராம். இவற்றையெல்லாம் பொறுத்துக்கொண்ட அவர் மனைவி, எட்டாம் வகுப்புப் படிக்கும் மகளின் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில், ‘இட்லி 2, சட்னி வேண்டாம்’ என்று எழுதி, பக்கத்தில் எண்களும் போட்டிருக்கக் கண்டார். அப்போதுதான் எம்மைத் தேடி வந்தார்.

“சாமி, அவர் எழுதுவதை நிறுத்தச் சொல்லுங்கள். நான் சொன்னால், மறுபடியும் நோயில் விழச் சொல்கிறாயா என்று கேட்கிறார்” என்றார்.

கணவரின் அச்சத்திலும் நியாயமில்லாமலில்லை. அவருடைய தகப்பனார் சர்க்கரை நோயால் ஒரு காலை இழந்தவர். ஏட்டை விட்டால் அந்தக் கட்டிலில்தான் நானும் கிடப்பேன் என்று அவர் சொல்லியபோது, அதை எளிதாகத் தள்ளிவிட எம்மால் இயலவில்லை.

குருமடத்தில் பயின்ற எவருக்கும் இத்தகைய ஏடு புதிதன்று. புனித லொயோலா இஞ்ஞாசியார் தம் ‘ஆன்மீகப் பயிற்சிகள்’ நூலில் தனி ஆத்தும சோதனை என்றொரு முறையைக் கற்பிக்கிறார். திருத்திக்கொள்ள வேண்டிய குறை ஒன்றைத் தேர்ந்துகொண்டு, அதில் தவறும்போதெல்லாம் கோட்டின்மேல் ஒரு புள்ளி வைக்க வேண்டும். மாலைப் புள்ளிகளைக் காலைப் புள்ளிகளோடும், இவ்வாரத்தைச் சென்ற வாரத்தோடும் ஒப்பிட வேண்டும். குறை திருந்தியதும் அக்கோடுகளுக்கு வேலையில்லை. அந்நூலிலேயே உணவைப் பற்றிய எட்டு விதிகளும் உள்ளன. அவற்றுள் கடைசி விதி இன்றைய மருத்துவரும் ஒப்பத்தக்கது: வயிறு நிறைந்து, உண்ணும் ஆவல் இல்லாத வேளையிலேயே அடுத்த உணவின் அளவை முடிவு செய்துகொள்ள வேண்டும் என்பது அது. எண்ணுவதைவிட இது எளிது. இரவு உணவு முடிந்தவுடன், நாளைக் காலை மூன்று இட்லி என்று மனத்தில் வரையறுத்துக்கொள்பவருக்கு, காலையில் பசியோடு வழக்காட வேண்டியதில்லை.

அளவை மீறினால் என்னாகும் என்பதையும் அப்புனிதர் பட்டறிந்தவர். 1522-இல் மன்ரேசாவில் கடும் நோன்பிருந்து உடலைக் கெடுத்துக்கொண்டார். செய்யாத பாவத்தைச் செய்ததாக எண்ணி அஞ்சும் வீண் கலக்கத்தாலும் வாடினார். பிற்காலத்தில் புனிதரான பிரான்சிஸ் போர்ஜியா, கத்தலோனியாவில் அரசப் பிரதிநிதியாயிருந்த நாள்களில் மிகப் பருத்த உடலினர். பின்னர்த் தவ முயற்சிகளால் பெரிதும் மெலிந்தார். மெலிந்த பின்னும் நோன்பை அவர் தளர்த்தாததை அறிந்த இஞ்ஞாசியார், 1548-இல் அவருக்குக் கடிதம் எழுதி, நோன்பைக் குறைத்து வயிற்றையும் உடல் வலிமையையும் பேணுமாறு அறிவுறுத்தினார். உடலை மெலியவைத்த அதே கருவி, வேலை முடிந்தபின் உடலைக் கெடுக்கவும் கூடும் என்பதை அவர் நன்கறிந்திருந்தார்.

அப்படியாயின் ஏட்டின் இடத்தில் எதை வைப்பது? வெறுங்கையோடு விட்டுவிட்டால் மேலே சொன்ன பசி வென்றுவிடும். அமெரிக்காவில் 1994 முதல், குறைந்தது 13.6 கிலோ குறைத்து ஓராண்டேனும் அதைக் காத்தவர்களின் பதிவேடு ஒன்றைப் பேணி வருகின்றனர். அதில் பல்லாயிரவர் பதிந்துள்ளனர். அவர்களில் நான்கில் மூவர் வாரம் ஒருமுறையேனும் எடை பார்ப்பவர். பத்தில் ஒன்பதின்மர் நாள்தோறும் சராசரி ஒரு மணி நேரம் உடலுழைப்போ உடற்பயிற்சியோ மேற்கொள்பவர். வெற்றி கண்டவர்கள் மட்டுமே பதியும் ஏடாகையால் இதை முழுச் சான்றாகக் கொள்ளலாகாது. ஆனால் 2006-இல் வெளியான சோதனை ஒன்று இதை உறுதி செய்கிறது. எடை குறைத்த 314 பேரை மூன்று பிரிவாக்கினர். இரண்டு பிரிவினருக்கு நாள்தோறும் எடை பார்க்கவும், ஏறிய அளவைப் பச்சை, மஞ்சள், சிவப்பு எனப் பிரித்துக்கொண்டு நடக்கவும் கற்பித்தனர். பச்சையாயிருக்கும்வரை கவலையில்லை. சிவப்புக்கு, அதாவது 2.3 கிலோ ஏற்றத்துக்கு, வந்துவிட்டால் மட்டும் எடை குறைத்த காலத்துப் பழைய முறைகளை மீண்டும் கைக்கொள்ள வேண்டும். பதினெட்டு மாத முடிவில், செய்தி மடல் மட்டும் பெற்ற பிரிவினரில் 72 விழுக்காட்டினர் அச்சிவப்பைத் தாண்டியிருந்தனர். நேரில் கூடிப் பயின்ற பிரிவினரில் தாண்டியவர்கள் 46 விழுக்காட்டினரே.

ஆசிரியருடன் பேசி முடிவு செய்ததும் இதையொட்டியே. முதல் மூன்று மாதம் வாரத்துக்கு மூன்று நாள் மட்டும் எழுதுவது. பிறகு மாதத்தில் ஒரு வாரம். பிறகு ஏட்டை அலமாரியில் வைத்துவிடுவது. சனிக்கிழமை தோறும் காலையில் எடை பார்த்துச் சுவர் நாட்காட்டியில் குறிப்பது. உப்பும் நீரும் கூடினாலே ஒரு கிலோ ஏறியிறங்குமாதலால் ஒரு வாரத்து ஏற்றத்துக்கு அஞ்சுவதில்லை. இரண்டு கிலோ கூடி இரண்டு வாரம் நின்றுவிட்டால் மட்டும் ஏட்டை எடுத்து மூன்று வாரம் எழுதுவது. சென்ற ஓராண்டில் இருமுறை எடுத்தார். இருமுறையும் திரும்ப வைத்துவிட்டார். மாதந்தோறும் சர்க்கரைச் சோதனையும் செய்துகொள்கிறார். மகளைப் பொறுத்தவரை, தாயும் தந்தையும் அவளை மருத்துவரிடம் அழைத்துச் சென்றனர். தராசு சாப்பாட்டு மேசையிலிருந்து அகன்றது.

நம் வீட்டுச் சமையலுக்கு நாள் கணக்கைவிட மாதக் கணக்கே பொருந்தும் என்பது எம் கருத்து. ஒரே சட்டியில் வைத்த குழம்பில் ஒருவர் பங்குக்கு எத்தனை கலோரி என்று எந்தச் செயலியும் சரியாகச் சொல்லிவிட முடியாது. மாதம் எத்தனை லிட்டர் எண்ணெய் வாங்கினோம் என்பதோ மளிகைச் சீட்டிலேயே இருக்கிறது. நால்வர் உள்ள வீட்டில் மாதம் நாலு லிட்டர் தீருமானால், ஆளுக்கு நாள்தோறும் 33 மில்லி, ஏறத்தாழ 270 கலோரி எண்ணெயிலிருந்தே வருகிறது. அதை மூன்று லிட்டராக்கினால் ஒவ்வொருவருக்கும் நாளொன்றுக்கு அறுபத்தைந்து கலோரிக்கு மேல் குறையும்; எவரும் எதையும் எழுத வேண்டியதில்லை. சீனி வாங்கும் அளவையும் இவ்வாறே பார்த்துக்கொள்ளலாம்.

இவை எல்லார்க்கும் பொருந்தாது. இன்சுலின் போட்டுக்கொள்பவர்கள், மருத்துவர் சொல்லியபடி மாவுப்பொருளைக் கணக்கிடுவதை நிறுத்தலாகாது. கருவுற்றோர், பாலூட்டும் தாய்மார், வளரும் பிள்ளைகள் ஆகியோர் தாமாகவே கலோரிக் கணக்கைத் தொடங்கவும் கூடாது. உண்டபின் குற்ற உணர்வால் வாந்தி எடுப்பது, பிறர் முன் உண்ண மறுப்பது, மாதவிலக்கு நின்றுபோவது போன்ற அறிகுறிகளைப் பெண்பிள்ளைகளிடம் கண்டால், பெற்றோர் கண்டித்துக்கொண்டிராமல் உடனே மருத்துவரை நாட வேண்டும்.

தவக்காலத்தில் ஒருசந்தியையும் எடைக் குறைப்பையும் ஒன்றாக்கிக் கேட்போர்க்கு ஒரு சொல். திருநீற்றுப் புதனும் பெரிய வெள்ளியும் ஒருசந்தி நாள்கள். பதினெட்டு வயது நிறைந்தவர் முதல் ஐம்பத்தொன்பது வயது நிறையாதவர் வரை அதற்குக் கட்டுப்பட்டவர். ஒருவேளை முழு உணவும், மற்ற இருவேளை சிறிதளவும் என்பதே ஒழுங்கு. கலோரி எண் எதுவும் அதில் விதிக்கப்படவில்லை. நோயுற்றோரை அந்த ஒழுங்கு கட்டுப்படுத்தாது. சர்க்கரைக்கு மாத்திரையோ ஊசியோ எடுத்துக்கொள்பவர்கள் அந்நாள்களில் மருந்து வேளையையும் உணவு வேளையையும் தாமாக மாற்றிக்கொள்ளாமல், முன்கூட்டியே மருத்துவரைக் கேட்டுக்கொள்வார்களாக.