உஷார்! அம்மாவின் வளையல் நழுவுகிறதா?

"வயசாச்சுல்ல, அப்படித்தான் இருக்கும்" என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். கையூன்றாமல் நாற்காலியிலிருந்து எழ முடியவில்லை, தொடையும் புஜமும் சூம்புகின்றன, வளையல் முழங்கைப் பக்கம் நழுவுகிறது என்றால், சாப்பாட்டில் புரதம் குறைகிறதா என்று உடனே பாருங்கள். போதிய புரதம் வராவிட்டால் உடம்பு தன் தசையையே கரைத்து எடுத்துக்கொள்ளும். அது வலிக்காது. அதுதான் பயமே!

சிறு காயம் ஆறவும் நாளாகும். முடி கொட்டும். சளி, காய்ச்சல் அடிக்கடி வரும். எடை குறையவில்லையே என்று நிம்மதி அடையவும் முடியாது; தொப்பை அப்படியே இருக்க, தசை மட்டும் கரைவதுண்டு.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 பரிந்துரைப்படி, உடல் எடையில் கிலோவுக்குத் தினமும் 0.83 கிராம் புரதம் தேவை. 60 கிலோ எடைக்கு 50 கிராம். முதியவர்களுக்கு இன்னும் கூடுதலாக வேண்டும் என்பது பல நிபுணர்களின் கருத்து. ஓர் இட்லியில் இருப்பதோ சுமார் 2 கிராம். "ராத்திரிக்கு ரெண்டு இட்லி போதும்ப்பா" என்பவருக்கு அந்த வேளை கிடைப்பது 4 கிராம்! சாம்பார் இருக்கிறதே என்பீர்கள். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காரும் அம்மாவின் தட்டில் எவ்வளவு பருப்பு விழுகிறது என்று என்றாவது பார்த்தீர்களா? முட்டையும் மீனும் பிள்ளைகளுக்கு, ரசமும் மோரும் தனக்கு என்று ஒதுங்கும் அம்மாக்கள் இன்றும் இருக்கிறார்கள். பல் போனவர்கள் கறியையும் சுண்டலையும் சத்தமில்லாமல் தவிர்த்துவிடுகிறார்கள்.

ஒரு முட்டையில் 6 கிராம் புரதம். மெல்ல முடியாதவருக்குக் குழைய வேகவைத்த பாசிப்பருப்பு, கெட்டித் தயிர், முள் நீக்கிய மீன், வேர்க்கடலைப் பொடி கொடுங்கள். ஒரே வேளையில் திணிக்காமல் மூன்று வேளையும் பிரித்துக் கொடுங்கள்.

மூன்று எச்சரிக்கைகள். சிறுநீரகக் கோளாறு உள்ளவருக்கு டாக்டரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டாதீர்கள். டாக்டர் சொல்லாமல் புரதப் பவுடர் டப்பா வாங்காதீர்கள். கால் வீங்கினால் கைவைத்தியம் வேண்டாம். கடுமையான புரதக் குறைவாலும் வீங்கும். இதயம், சிறுநீரகம், ஈரல் பழுதாலும் வீங்கும். காரணம் எது என்று டாக்டரின் பரிசோதனைதான் சொல்லும்.

இன்றைக்கே ஒரு சோதனை செய்யுங்கள். கைகளை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்காரச் சொல்லுங்கள். விழாமல் பிடிக்கப் பக்கத்திலேயே நில்லுங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனால் தசை தளர்ந்திருக்கக்கூடும். டாக்டரிடம் அழைத்துப் போங்கள்.